அட்டை கட்டாத வண்டி

ஆகஸ்ட் மாதம் எகெலுண்ட் பூங்காவுக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று பிள்ளைகள், இன்னொன்று குளவிகள். இரண்டையும் சமாளிக்க போடிலுக்குத் தெரியும். பைகளைத்தான் அவளால் சமாளிக்க முடியவில்லை.

காலை பத்து மணிக்கு வாசல் திறந்ததும் குடும்பங்கள் இழுவண்டிகளில் குளிர்பெட்டி, கூடை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நேராக லிண்டன் மரங்களுக்கு அடியில் இருக்கும் புல்வெளிக்குப் போகும். அங்கே இருநூறு மர மேசைகள். பிடித்த மேசையில் பையை வைத்துவிட்டு ராட்டினத்துக்கும் ரயிலுக்கும் ஓடிவிடுவார்கள். மதியம் திரும்பி வந்து, கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போய்விடுவார்கள். நாள் முழுக்க எண்ணூறு பைகள் கிடக்கும். காவலுக்கு ஈ காக்கை கிடையாது. யாரும் யாருடையதையும் தொட்டதில்லை.

இருபத்திரண்டு வருடம் போலீசில் இருந்தவளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பூங்காவின் பாதுகாப்புப் பொறுப்புக்கு வந்த ஏழு வருடமாக அவள் ட்ரூல்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ட்ரூல்ஸ்தான் பூங்காவின் சொந்தக்காரன். அந்த மேசைகளைப் போட்டது அவனுடைய தாத்தா. ராஜ குடும்பத்தைத் தவிர எல்லாரையும் 'நீ' என்றே பேசும் நாடு அது. முதலாளியோடு சண்டை போடுவதற்கு அது ரொம்ப வசதி.

"எண்ணூறு அனாதைப் பை, ட்ரூல்ஸ். இதுல ஒண்ணு தப்பான பைன்னா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அது அனாதைப் பை இல்ல. அதுக்குப் பேரு மத்தியானச் சாப்பாடு."

"விளையாடாதே."

"விளையாடுறதுக்குத்தான் போடில் ஜனங்க இங்க வர்றாங்க. பையத் தோள்ல மாட்டிக்கிட்டே சுத்தச் சொன்னா, அதுக்கு அவங்க விமான நிலையத்துக்கே போகலாமே."

இந்த வசந்தத்தில் போலீசிடமிருந்து கடிதம் வந்தது. கூட்டம் கூடும் இடங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதை வைத்து போடில் பாதி ஜெயித்தாள். மேசைகள் இருக்கும், பைகளும் இருக்கும், ஆனால் வாசலில் ஒவ்வொரு பைக்கும் ஒரு பச்சை அட்டை கட்டப்படும். அட்டையில் மூன்று வரி. பெயர், தொலைபேசி எண், உள்ளே என்ன இருக்கிறது. ஜனங்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து மூன்றாவது வரியில் குறும்பு செய்ய ஆரம்பித்தார்கள். ஒருத்தர் "மனைவிக்குத் தெரியாமல் மூன்று பீர்" என்று எழுதியிருந்தார். அட்டை இல்லாத பை கண்ணில் பட்டால், சொந்தக்காரர் யாரென்று தெரியாவிட்டால், அதைச் சந்தேகப் பையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது போடில் எழுதிய விதி. யாரும் தொடக்கூடாது, பக்கத்தில் வாக்கி-டாக்கியோ போனோ பயன்படுத்தக்கூடாது, நூறு மீட்டருக்கு ஆட்களைக் காலி செய்துவிட்டு ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் வீரர்களைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வரும்வரை ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது.

மீதிப் பாதி ட்ரூல்ஸுக்குப் போனது. ஆட்களை எப்படிக் காலி செய்வது என்ற கேள்வியில் அவன் ஒரே பிடியாக நின்றான்.

"சைரன் மட்டும் வேண்டாம். ஒரு தடவ சைரன் கேட்ட குழந்த, ஜென்மத்துக்கும் இங்க வராது. ஏரிக்கரையில இலவச ஐஸ்கிரீம்னு மைக்ல சொல்லு. பொணம்கூட எழுந்து ஓடும்."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் மே மாதம் ஒத்திகை பார்த்தபோது நானூறு பேர் ஆறே நிமிடத்தில் சிரித்துக்கொண்டே ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தர்கூட இடித்துக்கொண்டு ஓடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படி ஒரு காலிசெய்தலைப் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். பதினொன்றரை மணிக்கு மேல் புல்வெளியைச் சுற்றி வந்தபோது, ஒரு லிண்டன் மரத்தடி பெஞ்சுக்குக் கீழே அந்தப் பையைப் பார்த்தாள். சாம்பல் நிறம். பச்சை அட்டை இல்லை. பக்கவாட்டு வலைப் பையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் ஜிப்புக்குள் போனது.

பக்கத்து மேசைகளில் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் குனியவில்லை, தொடவில்லை. ஓடாமல் நடந்து தூரம் வந்த பிறகே வாக்கி-டாக்கியை எடுத்து, பேசி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள். "ட்ரூல்ஸ், ஏரிக்கரையில கூட்டம் கம்மியா இருக்கு." அடுத்த நிமிடம் ஒலிபெருக்கியில் அவனுடைய உற்சாகமான குரல் கேட்டது. ஏரிக்கரையில் எல்லாருக்கும் இலவச ஐஸ்கிரீம், தீரும்வரை மட்டும்.

புல்வெளி கலகலவென்று எழுந்தது. கடித்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பையை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? ஐஸ்கிரீம் வாங்கிவிட்டு வரத்தானே போகிறார்கள். போடிலும் இரண்டு காவலர்களும் மேசை வரிசைகளுக்கு நடுவே நடந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரை எழுப்பி, மரத்தில் ஏறியிருந்த இரண்டு பிள்ளைகளை இறக்கி அனுப்பினார்கள். சிவப்பு வெள்ளை நாடாவை நூறு மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் போடில், "புல்வெளி காலி," என்று அறிவித்தாள். ராணுவத்திலிருந்து ஹோல்ம் என்ற அதிகாரி போனில் வந்து, ஐம்பது நிமிடத்தில் வந்துவிடுவோம் என்றான்.

ஏரிக்கரையிலிருந்து பேண்டு வாத்தியம் கேட்டது. ட்ரூல்ஸ் மூச்சிரைக்க நாடாவுக்கு வந்து சேர்ந்தான். அவன் முகம் வெளுத்திருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு குழந்தகூட அழல, பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் போடில். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கால் மணி நேரம் கழித்து, கூட்டம் போன திசைக்கு எதிர்த்திசையில் ஒருத்தி வேகமாக வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, அதன் முகமெல்லாம் ஸ்ட்ராபெர்ரி ஐஸ்கிரீம். இன்னொரு கையில் வெள்ளையாக, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி. அவள் நாடாவைப் பார்த்துச் சிரித்தபடியே அதைத் தூக்கிவிட்டுக் குனிந்தாள்.

"உள்ள போகக்கூடாது," என்றாள் போடில்.

"ஒரு நிமிஷம்தான். பையன் முழிச்சிக்கிட்டான்."

"எந்தப் பையன்?"

அவள் கையிலிருந்த கருவியைத் தூக்கிக் காட்டினாள். பேபி மானிட்டர். அதிலிருந்து சிணுங்கல் வந்துகொண்டிருந்தது. "அஸ்கெர். அந்த மரத்தடியில வண்டியில தூங்குறான். வழக்கமா ரெண்டு மணி வரைக்கும் தூங்குவான். இவளக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு அப்படியே ஐஸ்கிரீமுக்குப் போயிட்டோம்."

போடிலுக்கு முதலில் பிடிபடவில்லை. வண்டியா? எந்த வண்டி? புல்வெளி காலி என்று அவள்தானே சொன்னாள். அப்போது அவள் கைக்கு ஞாபகம் வந்தது. ஆமாம், மூளைக்கு முன்னால் கைக்குத்தான். கடைசி வரிசையில் நடந்தபோது ஒரு கருநீலத் தள்ளுவண்டி. குளவி புகாமல் இருக்கப் போட்டிருந்த வலையின் ஒரு முனை காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் அதை இழுத்து, மடித்து, மெத்தைக்கு அடியில் செருகினாள். உள்ளே குழந்தை தூங்குகிறது என்று தெரிந்துதான் செருகினாள். செருகிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அந்த ஊரில் கைக்குழந்தை மதியம் வெளியில்தான் தூங்கும். கடை வாசலில், காபிக் கடைக்கு வெளியே, பனி பெய்தாலும் சரி, வண்டியில் போட்டு மூடிவிட்டுத் தாய் உள்ளே போவாள். போடில் அப்படித்தான் தூங்கி வளர்ந்தாள். அவளுடைய இரண்டு பெண்களையும் அப்படித்தான் வளர்த்தாள். மரத்தடியில் தனியாக நிற்கும் தள்ளுவண்டி அவள் கண்ணுக்கு மரத்தைப் போலத்தான், எப்போதும் அங்கே இருக்கும் ஒன்று. எண்ணூறு பைகளைச் சந்தேகிக்கத் தெரிந்த கண்ணுக்கு ஒரு குழந்தை தெரியவில்லை.

"உன் பேரு என்ன?"

"ரிக்கெ. என்ன ஆச்சு? ஏன் நாடா கட்டியிருக்கு?"

போடில் சொன்னாள். சுற்றி வளைக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்த மரத்தடியில் ஒரு பை இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை, குண்டு அகற்றும் வீரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ரிக்கெ முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் ஒரே பாய்ச்சலாக நாடாவுக்குள் பாய, போடில் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். பெண் குழந்தை வீறிட்டது. ட்ரூல்ஸ் அதைத் தூக்கிக்கொண்டான்.

"ஐஸ்கிரீம்னு சொன்னீங்க!" ரிக்கெ கத்தினாள். "ஐஸ்கிரீம்னுதானே சொன்னீங்க! குண்டுன்னு சொல்லியிருந்தா நான் அவனத் தூக்கிட்டு வந்திருப்பேனே!"

போடில் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ரிக்கெ, என்னப் பாரு. உங்க பை என்ன நெறம்?"

"என்னோடது நீலம், இதோ தோள்ல இருக்கு."

"குழந்த பை?"

"அது எஸ்பென், என் வீட்டுக்காரன், எடுத்துட்டு வந்தான். எங்களது அறுந்து போச்சு, அவன் தங்கச்சிகிட்ட ஒண்ணு வாங்கினான். நான் சரியா பாக்கல. கறுப்போ, சாம்பலோ... வண்டிப் பிடியில மாட்டியிருந்தான்."

"இந்த மானிட்டரோட இன்னொரு பாதி எங்க இருக்கு?"

"வண்டிக்குள்ள. தலமாட்டுல." அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். "எப்பவும் தலமாட்டுலதான் வைப்போம். இன்னிக்கு அவன் வச்சான்."

"எஸ்பென் எங்க?"

"தண்ணி ரயில் ஏறப் போனான். அவன் போன் அந்தப் பைக்குள்ளதான் இருக்கு, நனஞ்சிடும்னு."

ட்ரூல்ஸ் எஸ்பெனின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொன்னான். தண்ணீர் ரயில் பாயும் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது என்று மூன்று பேருக்கும் தெரியும். பயம் பரவக்கூடாதென்று தூரத்து ராட்டினங்களை நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். அதுவும் அவர்கள் போட்ட திட்டம்தான்.

மானிட்டரில் சிணுங்கல் அழுகையாக மாறியது. ரிக்கெயின் கட்டைவிரல் கருவியின் நடுவில் இருந்த பொத்தானுக்குப் போனது. அதை அழுத்தினால் அம்மாவின் குரல் குழந்தைக்குக் கேட்கும்.

"அழுத்தாத," என்றாள் போடில்.

"என் குரலக் கேட்டா அடங்கிடுவான்."

"அது ரேடியோ, ரிக்கெ. அந்தப் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீ பேசினா என்ன ஆகும்னும் தெரியாது."

"பேசக்கூடவா கூடாது?"

"கூடாது."

தன் வாழ்நாளில் இவ்வளவு கொடுமையான ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை என்று போடில் நினைத்தாள். ரிக்கெ விரலை எடுத்தாள். கருவியைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் உதடுகளை மட்டும் அசைத்தாள்.

போடில் பத்தடி தள்ளிப் போய் ஹோல்மைப் போனில் பிடித்தாள்.

"இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம்," என்றான் அவன். "வழியில லாரி கவுந்து கெடக்கு. சுத்திக்கிட்டு வர்றோம்."

"உள்ள ஒரு குழந்த இருக்கு. வண்டியில. பையிலேர்ந்து ரெண்டடி."

"யாரும் உள்ள போகக்கூடாது, போடில். உன் விதியப் படிச்சிருக்கேன். நல்ல விதி."

"தெரியும்."

"உன் ஆள் ஒருத்தன் இப்ப உள்ள போறேன்னு சொன்னா விடுவியா?"

"விடமாட்டேன்."

"அப்புறம்?"

"போகாதேன்னு நீ சொன்னதா எழுதிக்கோ."

அவள் போனையும் வாக்கி-டாக்கியையும் ட்ரூல்ஸிடம் கொடுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். "நான் போறேன். ஐஸ்கிரீம் சொன்னது நான்."

"வலையச் செருகினது நான்," என்றாள் அவள். அவனுக்கு அது புரியவில்லை. புரிய வைக்க நேரமும் இல்லை.

நூறு மீட்டரை ஓடிக் கடக்கலாம். அவள் நடந்தாள், ஓடினால் தரை அதிரும் என்று ஏதோ ஒரு பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஐம்பத்தேழு வயதில் ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் நடுவில் செத்துப்போவோமோ என்று நினைத்தாள். பெரிய மகளுக்குப் போன் செய்து மூன்று வாரம் ஆயிற்று என்பதும் நினைவுக்கு வந்தது. மேசைகளில் பாதி தின்ற ரொட்டி, ஊற்றி வைத்த பழரசம், அவற்றின் மேல் குளவிகள். எல்லாப் பைகளிலும் பச்சை அட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவள் ஏழு வருடம் சண்டை போட்டு வாங்கிய அட்டைகள்.

வண்டி மரத்துக்கு முன்னால்தான் நின்றது, எல்லார் கண்ணுக்கும் படும்படி. வலையின் முனை அவள் மடித்தபடியே இருந்தது. அவள் மடிப்பு அவளுக்குத் தெரியாதா, இரண்டு பெண்களுக்கு மடித்த மடிப்பு. அதை உருவி எடுத்தாள். அஸ்கெர் சிவந்த முகத்தோடு, கண்ணீரும் சளியுமாக அவளைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினான். தெரியாத முகம் என்று கண்டதும் மறுபடியும் வீறிட்டான்.

அவன் நிறுத்தியபோது பெஞ்சுக்கு அடியில் சிவப்பு விளக்கும் நின்றது. வீறிட்டபோது அதுவும் படபடவென்று எரிந்தது.

தலைமாட்டைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அந்தக் கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பைக்குள்ளிருந்து ஒயர் வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டு எரிந்தது மானிட்டரின் மறுபாதி. அது சத்தத்துக்கு எரிகிற விளக்கு, அப்போது கூட்டத்தின் கூச்சலுக்கு, இப்போது குழந்தையின் அழுகைக்கு. பை வண்டிப் பிடியில் தொங்கியபடி வாசலைக் கடந்திருக்கிறது, தள்ளுவண்டிக்கு அட்டை கிடையாது என்பதால் அதில் தொங்கிய பையையும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. வண்டி பின்னால் சாயாமல் இருக்க எஸ்பென் பையைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறான். இவ்வளவும் புரிந்தபிறகும் அவள் அந்தப் பையைத் தொடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். அவன் அவளுடைய சீருடையின் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ரிக்கெ பிள்ளையை வாங்கிக்கொண்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அடங்கிக் கிடந்த குரல் இப்போதுதான் அவளுக்கு வந்தது. பெரியவளும் ட்ரூல்ஸின் கையிலிருந்து இறங்கி அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

ராணுவம் வந்து பையைத் திறந்தது. ஆறு டயப்பர், ஒரு மாற்றுச்சட்டை, ஒரு பவர் பேங்க், எஸ்பெனின் போன். இரண்டு மணிக்கு ஜனங்கள் தங்கள் ரொட்டிக்குத் திரும்பினார்கள். நாடா ஏன் கட்டியிருந்தது என்று கேட்டவர்களைவிட ஐஸ்கிரீமில் வெனிலா ஏன் தீர்ந்துபோனது என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

மாலையில் போடில் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். ட்ரூல்ஸ் எதிரில் நின்றான்.

"வண்டி மரத்துக்குப் பின்னாடி மறஞ்சிருந்துச்சுன்னு எழுது. யாரும் கேக்கப் போறதில்ல."

"முன்னாடி இருந்துச்சு."

"உன் வேல போயிடும், போடில்."

"போகட்டும். மறஞ்சிருந்துச்சுன்னு எழுதினா, நாளைக்கு மரத்துக்குப் பின்னாடி போய்த் தேடுவாங்க. கண்ணு முன்னாடி இருக்கறத யாரு பாப்பாங்க?"

அவன் ஜன்னலைச் சாத்திவிட்டு மேசைக்குத் திரும்பி வந்தான். "அப்ப, ஐஸ்கிரீம்னு சொன்னதுனாலதான் அவ விட்டுட்டுப் போனான்னு அதையும் எழுது," என்றான். அவள் எழுதினாள்.

ரிக்கெ முதலுதவி அறையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எஸ்பென் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு சுவரோரம் நின்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். போடில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். காலி செய்தபோது நான் அவனைப் பார்த்தேன். வலையைச் செருகிவிட்டேன். தூக்கவில்லை.

ரிக்கெ திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் வலையத்தான் செருகியிருப்பேன்," என்றாள் ரிக்கெ. பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "அதான் பயமா இருக்கு," என்றாள்.

வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. மேசைகளும் இருந்தன. ஐஸ்கிரீம் அறிவிப்பில் ட்ரூல்ஸ் ஒரு வரி சேர்த்தான். தூங்குகிற பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், அவர்களுக்கும் உண்டு.

அடுத்த சனிக்கிழமை காலை போடில் தானே வாசலில் நின்றாள். பைகளைக் காவலர்களிடம் விட்டுவிட்டாள். ஒரு இளம் தகப்பன் தள்ளுவண்டியோடு வந்தபோது அதை நிறுத்தி, பிடியில் ஒரு பச்சை அட்டையைக் கட்டினாள். பெயர் கேட்டாள், எண் கேட்டாள். மூன்றாவது வரியில் அவளாகவே 'குழந்தை' என்று எழுதினாள்.

தகப்பன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "வண்டிக்குள்ள குழந்தைதான் இருக்கும். இத எழுதி வேற வைக்கணுமா? பாத்தாத் தெரியாதா?"

"எனக்குத் தெரியல," என்றாள் போடில். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அவனை உள்ளே அனுப்பினாள்.